ராடில் வைத்த குங்குமம்

சித்ரலேகாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அந்தக் கல்லூரியில் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போயிருக்காதா? பதினாறு வருஷம் ஒரே நாற்காலியில், ஒரே தற்காலிக வேலையில் உட்கார்ந்தவளுக்கு அது எலும்புவரை போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்?

கல்லூரி சீவலப்பேரி ரோட்டில் இருக்கிறது. பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் போர்டுக்குப் பெயின்ட் அடித்தவன்கூடச் சண்டைக்கு வருவான். அதன் இயற்பியல் துறையில், தரைத்தளத்துக் கடைசி அறையில் ஒரு பெரிய மின்காந்தம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் சித்ரலேகாவின் வேலை. ஆளுயர இயந்திரம். காந்தத்தின் இரண்டு முகங்களுக்கு நடுவே மேலிருந்து ஒரு மெல்லிய ராடு தொங்கும். அதன் நுனியில் சோற்றுப் பருக்கை அளவு ஒரு சில்லை ஒட்டிவிட்டு ஓட்டினால், ராடு வினாடிக்கு எண்பது தடவை மேலும் கீழும் அதிரும். சில்லில் எவ்வளவு காந்தம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருள் பிடித்துச் சொல்லிவிடும்.

சில்லின் மேல் பூசியிருப்பது ஒரு அடுக்கு கோபால்ட், ஒரு அடுக்கு பிளாட்டினம், மறுபடி கோபால்ட், மறுபடி பிளாட்டினம். அத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இந்தப் படலத்தின் காந்தத்தை ஒரு பக்கமாக நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் காந்தப் புலத்தைப் பைய ஏற்ற வேண்டும். முதலில் அசையாது. இன்னும் ஏற்றினாலும் அசையாது. ஒரு கட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் இம்மியளவு இடம் மட்டும் புரளும். அவ்வளவுதான், அதைத் தொட்டு மொத்தப் படலமும் புரண்டுவிடும். போக வர இரண்டு வழியையும் திரையில் வரைந்தால் ஒரு மூடிய வளையம் விழும். லூப் என்பார்கள். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் எல்லாம் இந்தப் புரளலை நம்பித்தான் ஓடுகின்றன. சித்ரலேகா லூப்பைப் பார்த்தே எந்தப் படலம், யார் பூசியது, கை நடுங்கிப் பூசினானா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

எம்.எஸ்ஸி.யில் வகுப்பில் முதல் ஆள் அவள். பிஎச்.டி.க்குச் சேரலாம் என்று இருந்தபோது கல்யாணம் வந்தது. கணவன் நாறும்பூநாதன் மின்வாரியத்தில் எழுத்தர், நல்ல மனுஷன். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி டெக்னீஷியன் வேலை கொடுத்தார்கள். அந்த ஆறு மாதம்தான் பதினாறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில் நாறும்பூநாதன் நாற்பத்தேழு வயதில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகள் விஜயஸ்ரீ அப்போது எட்டாம் வகுப்பு.

கருமாதியன்று கல்லிடைக்குறிச்சி அத்தை, அதாவது நாறும்பூநாதனின் அம்மா, ஈரத் துண்டோடு வந்து சித்ரலேகாவின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். சுற்றி முப்பது பொம்பளைகள். ஒரு நாளைக்கு நாலு பேரை அழ வைக்கிற சித்ரலேகா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அந்தக் கோபம் அத்தை மேல் பாதி, தன் மேல் பாதி. அதற்குப் பிறகு அவள் பொட்டு வைக்கவில்லை. எந்தப் பொட்டையும் அழிக்கவும் இல்லை. குத்துவிளக்கைத் துலக்கும்போதுகூடக் குங்குமத்தை விஜயஸ்ரீயைத்தான் துடைக்கச் சொல்வாள்.

"வச்சுக்கிட்டா என்னம்மா? யாரு என்ன சொல்லப் போறா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"போடீ, படிக்க வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தாள். விஜயஸ்ரீ அப்புறம் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. திங்கட்கிழமை காலையில் சில்லே இல்லாமல் வெறும் ராடை ஓட்டுவாள். ஒன்றுமில்லாத ராடு நேர்கோடு போட வேண்டும். கோடு கொஞ்சம் வளைந்தாலும் எங்கோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். இடுக்கியிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூசி போதும், படலத்தின் காந்தத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் சாவிக்கொத்தோடு உள்ளே வருகிறவனை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவாள். ஆயுத பூஜைக்கும் அதே சட்டம்தான். சந்தனம் குங்குமமெல்லாம் கதவிலும் சுவிட்ச் போர்டிலும். ராடு பக்கம் எவனும் போகக் கூடாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி நாறும்பூநாதனுக்குத் திதி, கல்லிடைக்குறிச்சியில். சித்ரலேகா லீவு. கேட்பாரில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது ஆய்வுக்கூடம். துறைத் தலைவர் குமரகுருபரன் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பெரிய பக்திமான், அதில் குறை சொல்ல முடியாது. கூட நின்றவள் ஜாய்சி, அவரிடம் பிஎச்.டி. செய்யும் புன்னக்காயல் பெண். "ஏம்மா, தட்டைப் பிடி" என்றார். வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், என்ன ஏது என்று தெரியாது, பிடித்தாள். அவர் கதவைத் தாண்டி உள்ளே போய், கண்ணாடிக் கூண்டைத் திறந்து, "இந்த ராடுதானே நம்மளுக்குச் சோறு போடுது" என்று சொல்லி அதற்கே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்.

லீவு முடிந்து வந்த சித்ரலேகா பார்த்தாள். நுனியிலிருந்து மூன்று விரற்கடை மேலே வட்டமாக, அழகாக ஒரு பொட்டு. வாயில் வந்ததையெல்லாம் ஜாய்சியிடம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். அப்புறம் அசிட்டோனில் துணியை நனைத்துக்கொண்டு ராடிடம் போனாள். கை போகவில்லை. மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் திரும்பி வந்தாள். சில்லு ஒட்டுகிற இடம் கீழேதானே இருக்கிறது, இது மேலேதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நுனியை மட்டும் துடைத்துவிட்டு விட்டுவிட்டாள். வினாடிக்கு எண்பது தடவை அதிர்கிற ராடில் பொடி ஒட்டிக்கொண்டா இருக்கும்? உதிர்ந்து கீழேதான் வரும். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்தாள்.

திங்கட்கிழமை வெறும் ராடை ஓட்டியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளிப்பட்டிருக்கும். குமரகுருபரன் விடவில்லை.

"ஜாய்சிக்கு நேரம் போகுது. ஒண்ணுமில்லாத ராடை ஓட்டி என்னத்தக் கண்டோம்? இனிமே அது வேண்டாம்."

"சார், அது இல்லாம எடுக்க ரீடிங்கு எதுக்கும் லாயக்கில்ல."

"நீ டெக்னீஷியன்மா. சுவிட்சைப் போடச் சொன்னா போடு."

சித்ரலேகா சுவிட்சைப் போட்டாள். அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

அந்த மாதமே லூப்பில் ஒரு படி தெரிந்தது. வழக்கமாக ஒரே மூச்சில் புரளும் படலம், இப்போது முதலில் சின்னதாக ஒரு படி இறங்கி, அப்புறம் பெரிதாகப் புரண்டது. குமரகுருபரன் குதித்தார். மேல் அடுக்கு முதலில் தனியாகப் புரள்கிறது, கீழ் அடுக்குகள் பிறகு புரள்கின்றன, உலகத்தில் இதுவரை இந்த மாதிரிப் படலத்தில் எவனும் பார்க்காதது என்று கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. கல்லூரி வாசலில் அவர் படம் போட்டு பேனர் கட்டினார்கள். ஜாய்சியின் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் முழுக்க அந்தப் படிதான். வெறும் ராடை ஒரு தடவை ஓட்டட்டுமா என்று சித்ரலேகா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில்தான்.

ஜூன் மாதம் வடக்கே ஒரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய அதே படலத்தை எங்கள் கருவியில் போட்டுப் பார்த்தோம், படி எதுவும் இல்லை, ஒரே புரளல்தான், விளக்கம் தரவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். குமரகுருபரன் ஒரு நாள் முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மறுநாள் சித்ரலேகாவின் மேஜையில் ஒரு மெமோ. டெக்னீஷியனின் கவனக்குறைவால் மாதிரிகள் மாசடைந்ததாகத் தெரிகிறது, ஏழு நாளில் பதில் தரவும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அதில் அவள் பேர் இருந்தது, மூன்றாவதாக. விஜயஸ்ரீ அப்போது பிளஸ் டூ. அந்தப் பட்டியலை நம்பித்தான் சித்ரலேகா மகளின் அடுத்த வருஷப் படிப்பை யோசித்து வைத்திருந்தாள்.

"என்னையக் குத்தம் சொல்லுதானா? என்னையவா?" என்று மெமோவைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு துறையில் பூஜை சாமான் வைக்கும் அலமாரியைத் திறந்தாள். அதே குங்குமப் பாக்கெட், மீதி அப்படியே இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டினாள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிடுங்கி வைத்திருந்த காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து நகர்த்தினாள். சிவப்புப் பொடிக்குள்ளிருந்து கறுப்பாக நாலைந்து குருணை எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்தது. நிறத்துக்காக எவனோ இரும்புத் துகள் கிடந்த காவிப்பொடியைக் கலந்து விற்றிருக்கிறான். சித்ரலேகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது கோபம் போக இடம் இரண்டு ஆகிவிட்டது. வைத்தவர் அவர். அழிக்காமல் விட்டது யார்?

மெமோவுக்குப் பதிலை நேரில் காட்டுகிறேன் என்று சித்ரலேகா சொல்லியனுப்பியதால், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதல்வர் தேவசிகாமணி ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். குமரகுருபரன் வந்தார். ஜாய்சி மூலையில் நின்றாள். சித்ரலேகா யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், ராடுல சில்லு இருக்கா? கிட்ட வந்து பாத்துக்கிடுங்க."

தேவசிகாமணி குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா."

"இல்லைல்லா? இப்ப ஓட்டுதேன்."

காந்தம் உறுமியது. திரையில் கோடு கிளம்பியது, நேராகப் போகவில்லை. போன வழி ஒன்று, வந்த வழி ஒன்று என்று குட்டியாக ஒரு லூப் விழுந்தது. கட்டுரையில் அச்சான பக்கத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். படி இறங்கிய அதே இடம்.

"படலமே இல்லாம எந்த அடுக்கு சார் புரளுது? மேல் அடுக்கா, கீழ் அடுக்கா?"

குமரகுருபரனுக்கு முகம் வெளிறியது. ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? உடனே சுதாரித்துக்கொண்டார்.

"இதத்தானே நானும் சொல்லுதேன். ராடு அழுக்கா இருக்கு. ராடைச் சுத்தமா வைக்கது யாரு பொறுப்பு?"

"என் பொறுப்புதான். அழுக்கு எப்படி வந்துச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

ராடில் அந்தப் பொட்டு எட்டு மாதத்துக்குப் பிறகும் மங்கலாகச் சிவந்து நின்றது. அதை வைத்த மனுஷன் அதையே பார்த்துக்கொண்டு தெரியாது என்கிறார்! சித்ரலேகா திரும்பி ஜாய்சியைப் பார்த்தாள். ஜாய்சி தரையைப் பார்த்தாள்.

தேவசிகாமணி அவளைத் தனியே ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். "சித்ரா, இத வளக்காண்டாம். கவனக்குறைவால நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. பட்டியல்ல உங்க பேருல நான் கை வைக்கமாட்டேன். துறைக்கும் மானம் போகாது."

"எழுதலைன்னா?"

"விசாரணைன்னு ஒண்ணு நடந்தா பட்டியல்ல பேரு நிக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

சித்ரலேகா அசிட்டோன் பாட்டிலைத் திறந்து, வெள்ளைத் துணியை நனைத்துக்கொண்டு கூண்டைத் திறந்தாள். ராடைக் கழற்றி இடது கையில் பிடித்தாள். இத்தனை மாதமாகப் போகாத கை. கல்லிடைக்குறிச்சி அத்தையின் ஈரத் துண்டு அவள் நெற்றியில் இன்னும் இருப்பது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் துடைத்தாள். துணி சிவந்தது. மடித்து மறுபடி துடைத்தாள். நுனியிலிருந்த பள்ளத்தைக் குச்சி விட்டுத் துடைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அசிட்டோன் நெடி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ராடை மாட்டி ஓட்டினாள். இந்தத் தடவை திரையில் நேர்கோடு, அப்பழுக்கில்லாமல்.

அப்புறம் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு வரி இல்லை, மூன்று வரி. ராடில் குங்குமம் வைத்தவர் துறைத் தலைவர். அதைப் பார்த்தும் அழிக்காமல் விட்டவள் நான், அது என் தவறு. வெறும் ராடை ஓட்ட வேண்டாம் என்று தடுத்தவர் துறைத் தலைவர். இரண்டு கோடுகளையும் அச்செடுத்து, சிவந்த துணியையும் சேர்த்துப் பின் அடித்தாள்.

"இது உன் தலையில நீயே மண்ணள்ளிப் போடுத வேலை" என்றார் குமரகுருபரன். "அழிக்கலைன்னு நீயே எழுதியிருக்க. அது போதும் எனக்கு. நான் வச்சேங்கதுக்கு யாரு சாட்சி?"

ஜாய்சி மூலையிலிருந்து வந்தாள். பேனாவை எடுத்து, சித்ரலேகாவின் கையெழுத்துக்குக் கீழே, 'தட்டைப் பிடித்தவள் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏம்மா, உன் தீசிஸு?" என்றார் குமரகுருபரன், நம்ப முடியாமல்.

"அது என் தீசிஸுதான சார்" என்றாள். "நாலாவது அத்தியாயத்தக் கிழிச்சுட்டு மொதல்லேர்ந்து அளக்கேன். அக்கா இருந்தா போதும்."

"இவ்வளவு நேரம் எங்கனட்டி போயிருந்த?" என்று சித்ரலேகா அவள் மேல் பாய்ந்தாள். ஜாய்சி தேம்பித் தேம்பி அழுதாள். தேவசிகாமணி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், கருவிப் பிழை என்று காரணம் போட்டு. கருவி பாவம், அது என்ன செய்தது? பேனர் கழன்றது. குமரகுருபரன் துறைத் தலைவராகத்தான் இருந்தார். ஆகஸ்டில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது இடத்தில் வேறு பேர். சித்ரலேகா முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தாள். 'அழிக்காமல் விட்டவள் நான்' என்ற வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கோப்பில் வைத்திருப்பதாக அலுவலகத்துப் பெண் சொன்னாள். மற்ற இரண்டு வரிக்கு அடிக்கோடு இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மூட்டைத் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தாள். திங்கட்கிழமை போய் வெறும் ராடை ஓட்டினாள். இப்போது அதைத் தடுக்க யாருக்கும் வாய் இல்லை. ஜாய்சியின் படலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அளக்கப்பட்டன. எல்லாம் ஒரே மூச்சில் புரண்டன.

அக்டோபரில் மறுபடி ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை திதியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்ததால் சித்ரலேகா வேலைக்கு வந்திருந்தாள். குமரகுருபரன் தட்டோடு வராந்தாவில் வந்து, அறை வாசலில் தயங்கி நின்றார். பின்னால் துறை முழுக்க நின்றது.

"கதவுல மட்டும் வச்சுக்கிடுதேன்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னைக்குக் கதவுலயும் வேண்டாம் சார்." உள்ளே போய் மெயினை அணைத்துவிட்டு வந்தாள். வெளியிலிருந்து பூட்டைப் போட்டுச் சாவியைப் பைக்குள் எறிந்தாள். பிறகு தட்டில் இரண்டு விரலை அழுத்தி எடுத்து, தன் நெற்றியில், நடு நெற்றியில், பெரிதாக வைத்துக்கொண்டாள்.

"இது மிஷின்ல இருக்க வேண்டிய பொருள் இல்ல. இங்கன இருக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

பஸ்ஸில் பாளையங்கோட்டைவரை ஆட்கள் பார்த்தார்கள். வீட்டில் திதிக்காக முன்கூட்டியே வந்திருந்த கல்லிடைக்குறிச்சி அத்தை கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்து நார் நழுவியது.

"ஏ சித்ரா, இது என்னளா கோலம்? அழிளா அத!"

"அழிக்கணும்னா நீங்களே வந்து அழிங்க அத்தை" என்று சித்ரலேகா அவளுக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "அன்னைக்கு மாதிரி சும்மா இருக்கமாட்டேன். துண்டு அங்கன கொடியில கெடக்கு, எடுத்துட்டு வாங்க பாப்போம்."

அத்தை கொடியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, கீழே விழுந்த நாரை எடுத்து மறுபடி பூ கட்டத் தொடங்கினாள். விஜயஸ்ரீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.